நாகப்பட்டினம்: எல்லாவற்றையும் கப்பலேற்றிய ஊர்

நாகப்பட்டினம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஆட்டோக்காரரிடம் "சூடாமணி விகாரம் இருந்த இடத்துக்குப் போகணும்" என்று சொல்லிப் பார்த்தேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நாகூரா, வேளாங்கண்ணியா, அதைச் சொல்லுங்க சார்" என்றார். அவர் மேல் தப்பில்லை. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் சுமத்ராவிலும் மலேயாவிலும் பேர் தெரிந்திருந்த அந்தப் பௌத்த மடாலயத்துக்கு, இதுதான் என்று விரல் நீட்டிக் காட்ட இன்று ஊரில் ஒரு சுவர்கூட இல்லை.

சரித்திர நாவல் படித்துவிட்டு நாகைக்கு வருகிறவர்கள் இப்படித்தான் ஏமாறுகிறார்கள். சோழர்களின் பெரிய துறைமுகம் இது. பிறகு போர்த்துக்கீசியர் வந்தார்கள். 1658-இல் அவர்களை விரட்டிவிட்டு டச்சுக்காரர் உட்கார்ந்தார்கள். 1781-இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். தென்னிந்தியாவின் மிகப் பழைய ரயில் பாதைகளில் ஒன்று இங்கிருந்துதான் கிளம்பியது. மலேயா தோட்டங்களுக்குப் போன தமிழர்களில் பெரும்பகுதியினர் கடைசியாக மிதித்த தாய்மண் இந்த மணல். இவ்வளவு நடந்த ஊரில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டால், உள்ளூர்க்காரர்களே வடக்கே நாகூரையும் தெற்கே வேளாங்கண்ணியையும் கை காட்டுகிறார்கள். நடுவில் இருக்கிற நாகை, பஸ் மாறுகிற இடம்.

வடக்கே 30, 35 கிலோமீட்டர் போனால் தரங்கம்பாடி. டேனிஷ்காரர்கள் 1620-இல் கட்டத் தொடங்கிய டான்ஸ்போர்க் கோட்டை கடலைப் பார்த்தபடி அப்படியே நிற்கிறது. வயதில் நாகைக்கு அது பேரப்பிள்ளை முறைகூட ஆகாது. அங்கே கோட்டை நிற்கும்போது இங்கே ஏன் ஒன்றும் இல்லை? டெல்டாவில் கல் கிடையாது, எல்லாம் செங்கல், அதனால் அழிந்துவிட்டது என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். பாதி உண்மை. டான்ஸ்போர்க்கும் பெரும்பாலும் செங்கல்தான். டேனிஷ்காரர் 1845-இல் அதை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போன பிறகு தரங்கம்பாடியை யாரும் பெரிதாக விரும்பவில்லை, அதனால் கோட்டை பிழைத்தது. நாகையை எல்லோரும் விரும்பினார்கள். ஒவ்வொருவரும் முன்னவன் விட்டுப்போன செங்கல்லின் மேலேயே தன் செங்கல்லை அடுக்கினார்கள். நின்றதை இடித்தார்கள், எடுக்க முடிந்ததை எடுத்துப் போனார்கள். நாகையின் வரலாற்றைப் பார்க்க வேண்டுமென்றால் நாகையில் மட்டும் தேடினால் போதாது என்பதற்குக் காரணம் அதுதான்.

காற்றுக்காகக் காத்திருந்த இடம்

நாகைக்கு இயற்கைத் துறைமுகம் என்று எதுவும் கிடையாது. அலையைத் தடுக்க மலையோ குடாவோ இல்லை. கடுவையாறு கடலில் சேரும் முகத்துவாரத்தில் சிறிய படகுகள் நுழையலாம். பெரிய கப்பல் என்றால் கரையை விட்டுத் தள்ளி, ஆழம் கிடைக்கிற இடத்தில் நங்கூரம் போட்டு நிற்க வேண்டியதுதான். சரக்கும் ஆளும் படகில் போய் ஏற வேண்டும். இருபதாம் நூற்றாண்டில் மலேயாவுக்கு ஆள் ஏற்றிய ரஜுலா கப்பல் வந்து நின்றதும் அப்படித்தான்.

அப்படியிருந்தும் இந்த இடம் துறைமுகமானது ஏன்? பின்னால் நெல், முன்னால் காற்று. காவிரி டெல்டாவின் விளைச்சல் முழுக்க ஆற்றோடும் வாய்க்காலோடும் சாய்வது இந்தப் பக்கம். கடலில், தென்மேற்குப் பருவக்காற்று பாய்மரத்தைக் கிழக்கே கடாரத்துக்கு, அதாவது மலேயாவின் கெடாவுக்கு, தள்ளும். வாடைக்காற்று அங்கிருந்து இங்கே கொண்டுவந்து விடும். ஏழாம் நூற்றாண்டில் வூசிங் என்ற சீனத் துறவி கடாரத்திலிருந்து மேற்கே 30 நாள் கப்பலோட்டி நாகப்பட்டினம் வந்ததையும், இங்கிருந்து இரண்டு நாளில் இலங்கை போனதையும் இன்னொரு துறவியான யிசிங் எழுதிவைத்திருக்கிறார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வாடையில் வந்து இறங்கியவன் அடுத்த வாரமே திரும்ப முடியாது. எதிர்க்காற்று எழும் வரை மாதக்கணக்கில் இங்கேயே கிடக்க வேண்டும். அப்படிக் கிடப்பவனுக்குத் தங்க இடம் வேண்டும், சரக்குக்குக் கிடங்கு வேண்டும், கடன் கொடுக்க ஆள் வேண்டும், கும்பிட அவன் சாமியும் வேண்டும். சுமத்ரா ராஜா தன் செலவில் சோழ நாட்டில் ஒரு பௌத்தப் பள்ளி, அதாவது துறவிகளின் மடம், கட்டினார் என்றால் அதைப் பக்தி என்ற ஒரே கணக்கில் எழுத வேண்டியதில்லை. தன் ஊர் வணிகர்கள் வருஷத்தில் பாதியைக் கழிக்கிற இடத்தில் தனக்கு ஒரு வீடு போட்டுக்கொண்டார் என்றும் அதைப் படிக்கலாம்.

ஆனைமங்கலத்து நெல்

அந்த ராஜா ஸ்ரீவிஜயத்தின் சூளாமணிவர்மன். அவர் பெயரால் சூளாமணிவர்ம விகாரம். நாளடைவில் நம் வாயில் சூடாமணி விகாரம். கட்டி முடித்தவர் அவர் மகன் மாறவிஜயோத்துங்கவர்மன். முதலாம் ராஜராஜன் தன் 21-ஆவது ஆட்சியாண்டில், அதாவது 1006 வாக்கில், பக்கத்தில் இருக்கும் ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை இந்தப் பள்ளிக்கு எழுதிவைத்தார். 97 வேலிக்கு மேல் நிலம். வருஷத்துக்கு 8,943 கலமும் சொச்சமும் நெல். சொச்சம் என்று நான் சொல்கிறேனே தவிர, செப்பேட்டில் அதுவும் தூணி, குறுணி, நாழி என்று கடைசி அளவு வரை கணக்காக இருக்கிறது. சைவ அரசன், பௌத்தப் பள்ளி, வெளிநாட்டுக் கொடையாளி. அந்தக் காலத்து வருவாய்த் துறைக்கு இதில் எதுவும் விசேஷமாகப் படவில்லை போலும். வழக்கமான நிலக்கொடை எப்படி எழுதப்படுமோ அப்படியே, பெண் யானையை நடத்தி எல்லை வகுத்ததுவரை எழுதியிருக்கிறார்கள்.

ராஜராஜன் வாயால் சொன்ன ஆணையைச் செம்பில் வெட்டிவைத்தது மகன் ராஜேந்திரன். 21 ஏடுகள், 5 ஏட்டில் சமஸ்கிருதம், 16 ஏட்டில் தமிழ். ராஜேந்திரன் முத்திரை போட்ட வளையத்தில் கோத்தது. மொத்த எடை சுமார் 30 கிலோ. ஒரு ஆள் தனியாகத் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். கூடவே இன்னொரு சின்னத் தொகுதியும் உண்டு. அதில் மூன்றே ஏடு, முதலாம் குலோத்துங்கன் காலத்தது, 1090-ஐ ஒட்டியது.

இந்த இரண்டு செப்பேடுகளுக்கும் நடுவில்தான் பெரிய கதை. 1025 வாக்கில் இதே ராஜேந்திரன் கப்பல் படை அனுப்பிக் கடாரத்தையும் ஸ்ரீவிஜயத்தையும் அடித்தான். 'கடாரம் கொண்டான்' பட்டம் அதில் வந்தது. சண்டைக்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு ஸ்ரீவிஜய ராஜாவின் ஆட்கள் நாகைக் காரோணத்துச் சிவன் கோயிலுக்கும் வெள்ளித் திருமேனியும் சீனக் கனகமும் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கல்வெட்டுகள் கோயிலில் இருக்கின்றன. சண்டைக்குப் பிறகு உறவு முறிந்திருக்க வேண்டும் அல்லவா? முறியவில்லை. 1090-இல் கடாரத்து அரசனின் தூதர்கள் வந்து, பள்ளிகளுக்கு உரிய வரிவிலக்கை மறுபடி எழுதித் தரும்படி குலோத்துங்கனிடம் கேட்கிறார்கள், அவரும் தருகிறார். அப்போது பள்ளி ஒன்றல்ல, இரண்டு: ராஜராஜப் பெரும்பள்ளி, ராஜேந்திரசோழப் பெரும்பள்ளி. கடாரத்தை அடித்தவன் பெயரிலேயே கடாரத்துக்காரன் பள்ளி நடந்திருக்கிறது. துறைமுகத்துக்காரர்களுக்கு யுத்தம் என்பது ஒரு பருவம்தான், அடுத்த காற்றில் மறுபடி வியாபாரம்.

செப்பேடுகளை டச்சுக்காரர் தங்கள் காலத்தில் ஹாலந்துக்குக் கொண்டுபோனார்கள். 1862-இல் அவை லைடன் பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்தன. ஆனைமங்கலச் செப்பேடு என்று வழங்க வேண்டியதை உலகமே லைடன் செப்பேடு என்று சொல்வது அதனால்தான்.

ஒரு கோபுரத்தை இடித்த கதை

நாகைக்கு நேர்ந்ததிலேயே எனக்கு மனசு ஆறாதது இது.

ஊருக்கு வடக்கே, வெளிப்பாளையம் பக்கம், 19-ஆம் நூற்றாண்டு வரைக்கும் ஒரு செங்கல் கோபுரம் நின்றது. ஊர்க்காரர்கள் புதுவெளிக் கோபுரம் என்றார்கள். டச்சுக்காரர் தங்கள் குறிப்புகளில் சீனப் பகோடா என்று எழுதினார்கள். சதுரமான அடி, மூன்று அடுக்கு, உள்ளே மேல்வரை வெட்டவெளி. கடலிலிருந்து வருகிறவனுக்கு நாகை வந்துவிட்டது என்று சொல்கிற அடையாளம்.

சீனர் பெயர் சும்மா ஒட்டிக்கொண்டதல்ல. 14-ஆம் நூற்றாண்டில் வாங் தாயுவான் என்ற சீனப் பயணி, இந்தப் பக்கத்துச் சமவெளியில் ஒரு செங்கல் கோபுரம் இருப்பதையும், அது 1267-இல் கட்டி முடிந்ததாகச் சொல்லும் சீன எழுத்து அதில் இருப்பதையும் குறித்திருக்கிறார். பர்மாவில் பெகு அரசர் தம்மசேதி 1476-இல் வெட்டுவித்த கல்யாணிக் கல்வெட்டில் இன்னொரு சேதி: இலங்கை போய்த் திரும்பிய துறவிகளின் கப்பல் உடைந்து, அவர்கள் கரையேறி, நாகப்பட்டினம் வந்து, சீன தேசத்து அரசன் கட்டிய குகையில் புத்தரைக் கும்பிட்டார்கள். சோழர் போய், பாண்டியர் போய், விஜயநகரம் வந்த பிறகும் இங்கே பௌத்தர்கள் கும்பிடுவதற்கு ஏதோ மிச்சம் இருந்திருக்கிறது.

1846-இல் ஆங்கிலேய அதிகாரி சர் வால்டர் எலியட் வந்து பார்த்தபோது கோபுரம் சிதைந்திருந்தாலும் நின்றது. பக்கத்து நிலம் இயேசு சபைப் பாதிரிமாரிடம் வந்தது. 1844-இல் நாகையில் தொடங்கிய புனித வளனார் கல்லூரி அவர்களுடையது. 1856-இல் வளாகத்தில் இருந்த ஓர் இலுப்பை மரத்தை வேரோடு பெயர்த்தபோது அடியில் செங்கல் அறைக்குள் புத்தர் சிலைகள் கிடைத்தன. கோபுரம் விழுந்துவிடும், ஆபத்து, கல்லூரிக்கு இடமும் செங்கல்லும் வேண்டும் என்று பாதிரிமார் அரசாங்கத்துக்கு எழுதினார்கள். முதலில் இழுபறி, பிறகு அனுமதி. 1867-இல் இடித்தார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கோபுரத்தை இடித்து இடம் பிடித்த கல்லூரி, 1883-இல் மூட்டை கட்டிக்கொண்டு திருச்சிக்குப் போய்விட்டது. இன்றைக்கும் மலைக்கோட்டைக்குக் கிட்டே பேரும் புகழுமாக நடக்கிறது. நாகையில் பதினாறு வருஷத்துக்குப் பயன்படுவதற்காக அறுநூறு வருஷக் கோபுரம் போனது.

எழும்பூரில் பார்க்க வேண்டிய நாகை

1856-இல் தொடங்கி 1930-கள் வரை வெளிப்பாளையத்திலும் நாணயக்காரர் தெருவிலும் தோண்டத் தோண்ட வந்த பௌத்தச் செப்புத் திருமேனிகள் ஏறத்தாழ 350. பெரும்பகுதி சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்தது. சில உலகம் முழுக்கச் சிதறின.

எழும்பூரில் செப்புத் திருமேனிக் கூடத்துக்குப் போகிறவர்கள் நேரே நடராஜரிடம்தான் போய் நிற்பார்கள். ஒருமுறை அவரை விட்டுவிட்டு நாகை புத்தர்களிடம் நில்லுங்கள். பெரும்பாலானவை சின்னவை, கையில் தூக்கிப் போகிற அளவு. தலைமுடிச் சுருள் மேலே தீச்சுடர் எழும்பியிருக்கும். சிலதில் தலைக்கு மேல் மரம், இரண்டு பக்கமும் சாமரம் வீசும் நாகர்கள். முகம் மட்டும் நம் கோயில் சிலை முகம். வார்த்த ஸ்தபதி காலையில் சிவனையும் மத்தியானம் புத்தரையும் வார்த்தவராக இருக்க வேண்டும். அதே மூக்கு, அதே வளைவு.

பீடத்தில் தமிழ் எழுத்து உள்ளவை இன்னும் சுவாரசியம். வெளிநாடு போய்விட்ட ஒரு புத்தரின் பீட எழுத்து, அவரை 'ஆழ்வார்' என்கிறது. ராஜேந்திரசோழப் பெரும்பள்ளியின் அக்கசாலைப் பெரும்பள்ளியில் உற்சவத்துக்கு எழுந்தருள்வதற்காகச் செய்த திருமேனி என்கிறது. அக்கசாலை என்றால் பொற்கொல்லர், நாணயம் அடிப்போர் பட்டறை. பட்டறைக்காரர்கள் சேர்ந்து ஒரு பள்ளி வைத்திருக்கிறார்கள், அதில் புத்தருக்கு உற்சவமூர்த்தி இருந்திருக்கிறார், அவரைத் தூக்கிக்கொண்டு வீதி வந்திருக்கிறார்கள். சாமி வேறு, சம்பிரதாயம் ஒன்று. ஒரு வரிக் கல்வெட்டு இதைச் சொல்கிற மாதிரி பத்துப் பக்கக் கட்டுரையும் சொல்லாது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஸ்ரீரங்கத்துத் திருப்பணிக்குப் பணம் போதாமல், திருமங்கையாழ்வார் நாகைக்கு வந்து இங்கிருந்த தங்க புத்தரைக் களவாடினார் என்று வைணவ குருபரம்பரைக் கதையே பெருமையாகச் சொல்கிறது. நடந்ததோ இல்லையோ, நாகையில் திருடத் தக்க தங்க புத்தர் இருந்தார் என்று கேட்டவர்கள் நம்பினார்கள். திருமேனிகளைப் பிற்பாடு யாரோ கவனமாகச் செங்கல் அறை கட்டிப் பூமிக்குள் வைத்தார்கள் என்பதும் உண்மை. பயமில்லாமல் யாரும் சாமியைப் புதைப்பதில்லை.

கோட்டையும் ரயிலும்

டச்சுக்காரர் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், அவர்கள் விட்டுப்போனது அவ்வளவுதான். பழவேற்காட்டில் இருந்த தங்கள் தலைமையிடத்தை 1690-இல் நாகைக்கு மாற்றினார்கள். ஐம்புலன்கள் என்று பொருள்படும் பெயரில் ஒரு கோட்டை கட்டினார்கள். ஐந்து கொத்தளத்துக்கும் ஐந்து புலன். துணி ஏற்றினார்கள், நாகப்பட்டினம் வராகன் என்று தங்கக் காசு அடித்தார்கள். 1781 நவம்பரில் ஆங்கிலேயர் முற்றுகை போட்டுப் பிடித்தார்கள். 1784 உடன்படிக்கையில் ஊர் நிரந்தரமாகக் கை மாறியது. நாகைக்கு எதிரே கடலில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய சண்டைகளில் இரண்டு, ஒன்று 1746, இன்னொன்று 1782, இரண்டுமே ஜூலை 6-ஆம் தேதி நடந்தவை. தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு வசதி. கோட்டை இருந்த இடத்தில் இன்று சொல்லும்படி ஒன்றுமில்லை. டச்சுக்காரர் கட்டிய தேவாலயமும் கல்லறைகளும் இருக்கின்றன.

ஆங்கிலேயர் 1799 முதல் 1845 வரை தஞ்சாவூர் மாவட்டத்துக்கே நாகையைத் தலைநகராக வைத்திருந்தார்கள். பிறகு ரயில் வந்தது. கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே இங்கிருந்து 1861-இல் தஞ்சாவூருக்கும் 1862-இல் திருச்சிக்கும் வண்டி விட்டது. கம்பெனியின் தலைமையகம் நாகையில், பெரிய ஒர்க்ஷாப்பும் நாகையில். ஊர் பாதி ரயில்வே ஊர். 1870-களில் தலைமையகம் திருச்சிக்குப் போனது. 1920-களின் கடைசியில் ஒர்க்ஷாப்பும் திருச்சிக்குப் பக்கத்தில் பொன்மலைக்குப் போனது. ஆட்குறைப்பும் இந்த இடமாற்றமும் சேர்ந்துதான் 1928-இல் சவுத் இந்தியன் ரயில்வே வேலைநிறுத்தத்தைக் கிளப்பின. சிங்காரவேலர் சிறைக்குப் போனது அதில்தான். கல்லூரியும் திருச்சிக்கு, ஒர்க்ஷாப்பும் திருச்சிக்கு. நாகைக்காரர்கள் திருச்சிப் பக்கம் சற்று முறைத்துப் பார்த்தால் நியாயம்தான்.

டிப்போவும் ரஜுலாவும்

கண்ணால் பார்க்க எதுவும் விடாமல் போன இன்னொரு வரலாறு ஆட்கள் போன வரலாறு. மலேயாவுக்குக் கூலி ஏற்றிய முக்கியமான துறை இது. தஞ்சாவூர், திருச்சி, சேலம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கங்காணி ஆள் பிடித்து வருவார்; நாகையில் டிப்போ; அங்கே மருத்துவச் சோதனை, பெயர்ப் பதிவு, காத்திருப்பு; பிறகு படகு, பிறகு பி.ஐ. என்ற பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக் கப்பல். பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம், சிங்கப்பூர். 1938-இல் இந்திய அரசு தோட்டக்கூலிகளை அனுப்புவதை நிறுத்தியது. அதற்குப் பிறகும் கடைக்காரர்கள், சொந்தக்காரர்கள், பெண் கட்டிக்கொள்ள வந்து திரும்புகிறவர்கள் என்று போக்குவரத்து ஓயவில்லை.

ரஜுலா 1926-இல் கட்டிய கப்பல். 5,000-க்கும் மேற்பட்டவர்களை மேல்தளத்தில் ஏற்றலாம் என்று அனுமதி பெற்றது. மேல்தளம் என்றால் அறை கிடையாது. பாயை விரித்த இடம் அவரவர் இடம், டிரங்குப் பெட்டிதான் அடுத்த குடும்பத்துக்கும் நமக்கும் சுவர். 1973 வரை ஓடியது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அறுபது எழுபது வயதைத் தாண்டிய தமிழர்களிடம் ரஜுலா என்று சொல்லிப் பாருங்கள், வாந்தியிலிருந்து ஆரம்பிப்பார்கள். அதற்குப் பிறகு வந்த எம்.வி. சிதம்பரம் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்தது. அத்தோடு கப்பலில் மலேசியா போகும் காலமே முடிந்தது.

டிப்போ இருந்த இடம், படகு ஏறிய துறை எதிலும் சொல்லிக்கொள்ளும்படி ஒரு காட்சிக்கூடம் எழவில்லை. மலேசியாவிலிருந்து ஒரு பேரனோ பேத்தியோ தாத்தா கப்பலேறிய இடத்தைத் தேடி வந்தால் நாகை என்ன காட்டும்? கலங்கரை விளக்கம், மீன்பிடித் துறை, கடல். என்னைக் கேட்டால் விகாரத்தைவிட இதுதான் பெரிய குறை. விகாரத்தை நினைவில் வைத்திருக்கிறவர்கள் யாரும் உயிரோடு இல்லை. ரஜுலாவை நினைவில் வைத்திருக்கிறவர்கள் இன்னும் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள்.

நிற்கிறவை

சரி, ஊரில் என்னதான் இருக்கிறது? கும்பிடுகிற இடங்கள் இருக்கின்றன. தினமும் விளக்கேற்ற ஆள் இருந்த கட்டடங்கள் மட்டும் நாகையில் பிழைத்தன.

முதலில் காரோணம். காயாரோகணேஸ்வரர், நீலாயதாட்சி கோயில். அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவரும் பாடியது. சுந்தரர் இங்கே சிவனிடம் பொன், பட்டு, கஸ்தூரி, குதிரை என்று ஒரு பட்டியலே போட்டுக் கேட்கிறார். துறைமுகத்துக் கடைத்தெருவில் என்னென்ன வந்து இறங்கியது என்று அந்தப் பதிகத்தைப் படித்தே ஊகிக்கலாம். தியாகராஜர் எழுந்தருளிய ஏழு விடங்கத் தலங்களில் இது ஒன்று. ஒவ்வொரு தலத்திலும் அவர் ஒரு விதமாக ஆடுவார். நாகையில் அவர் ஆடுவது பாராவார தரங்க நடனம். பாராவாரம் கடல், தரங்கம் அலை. அலையில் கிடக்கும் தோணியின் ஆட்டத்தைச் சாமிக்கே கொடுத்துவிட்ட ஊர்.

அதிபத்த நாயனாரும் இந்த ஊர்தான். நாகைக் கடற்கரையில் நுளையர் என்னும் மீனவர்களின் தலைவர். வலையில் விழும் முதல் மீனைச் சிவனுக்கென்று கடலில் விட்டுவிடுவது வழக்கம். பஞ்சத்தில் நாளுக்கு ஒரு மீன்தான் விழுகிறது, அதையும் விடுகிறார். ஒருநாள் விழுந்த ஒற்றை மீன் பொன்மீன், அதையும் விடுகிறார். ஆவணி மாதத்தில் இன்றும் மீனவர்கள் படகில் போய்ப் பொன்மீன் விடும் விழா நடக்கிறது. நாகையைப் பார்க்க ஒரே ஒரு நாள்தான் கிடைக்கும் என்றால் அந்த நாளைத் தேர்ந்தெடுப்பேன்.

அடுத்தது நாகூர். சாகுல் ஹமீது ஆண்டவர் 16-ஆம் நூற்றாண்டில் வந்து தங்கி அடங்கிய இடம். தஞ்சை நாயக்கர் அச்சுதப்பரின் நோயை அவர் தீர்த்தார், நாயக்கர் நிலம் கொடுத்தார் என்பது வரலாறு கலந்த ஐதீகம். மூழ்கவிருந்த கப்பலின் ஓட்டையை அவர் தன் முகம் பார்க்கும் கண்ணாடியை எறிந்து அடைத்தார் என்பது மாலுமிகள் கதை. ஐந்து மினாராக்களில் பெரிய மினாரா 131 அடி. கட்டித் தந்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங். வாசலில் தகரத் தகட்டில் வெட்டிய கை, கால், கண், வீடு, கப்பல் விற்பார்கள். எது வேண்டுதலோ அதை வாங்கிச் செலுத்த வேண்டும். ஆண்டு விழாவான கந்தூரியின்போது கொடி நாகையிலிருந்து கப்பல் வடிவ ரதங்களில் நாகூருக்கு ஊர்வலமாகப் போகும். பத்தாம் நாள் இரவு சந்தனக்கூடும் நாகையிலிருந்துதான்.

நாகையிலிருந்து கிளம்பியவர்கள் இந்தத் தர்காவையும் கூடவே எடுத்துப் போனார்கள். சிங்கப்பூரில் தெலோக் ஆயர் தெருவில் 1828-க்கும் 1830-க்கும் இடையில் ஒரு நாகூர் தர்கா கட்டினார்கள். அதில் அடக்கம் கிடையாது, நினைவு மட்டும். இன்று சுற்றிலும் வானளாவிய கட்டடங்கள் நிற்கும் அந்தத் தெரு அன்றைக்குக் கடலோரம். கப்பலை விட்டு இறங்கியதும் நன்றி சொல்லக் கட்டிய இடம். சற்றுத் தள்ளி அதே தெருவில், அதே காரணத்துக்காகச் சீன மாலுமிகள் தங்கள் கடல்தாய்க்குக் கட்டிய தியன் ஹாக் கெங் கோயில். பினாங்கிலும் ஒரு நாகூர் தர்கா உண்டு.

வேளாங்கண்ணியைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. புயலில் தப்பிய போர்த்துக்கீசிய மாலுமிகள் கட்டியது என்கிற கதை. 1962-இல் பசிலிக்கா அந்தஸ்து. செப்டம்பர் 8 திருவிழாவுக்கு லட்சக்கணக்கில் நடந்து வருகிறவர்கள். காரோணம், நாகூர், வேளாங்கண்ணி மூன்றிலும் வேண்டுதலின் அடியில் கடல் பயம் இருக்கிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளலாம்.

அந்தப் பயம் பழங்கதை இல்லை. 2004 டிசம்பர் 26 காலையில் கீச்சாங்குப்பம், அக்கரைப்பேட்டை முதல் வேளாங்கண்ணி வரை வந்த அலையில் நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள், தமிழ்நாட்டிலேயே அதிகம். 2018 நவம்பரில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையேறியது.

ஐப்பசிக்கு முன்

2023 அக்டோபர் 14-ஆம் தேதி நாகையிலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குச் செரியபாணி என்ற பயணிகள் கப்பல் கிளம்பியது. வூசிங் இரண்டு நாளில் கடந்த நீரை இது சில மணி நேரத்தில் கடந்தது. பிரதமர் காணொளியில் தொடங்கிவைத்தார், ஊரே சந்தோஷப்பட்டது.

ஆனால் தேதியைப் பாருங்கள். அக்டோபர் பாதி என்றால் இந்தக் கரையில் வடகிழக்குப் பருவம் எழுகிற நேரம். பாய்மரக் காலத்தில் ஆங்கிலேயக் கப்பற்படை அக்டோபர் நடுவில் சோழமண்டலக் கடற்கரையைக் காலி செய்துவிட்டுப் போய்விடும். 1746-இல் அதைக் கவனிக்காமல் சென்னைக்கு எதிரே நின்ற பிரெஞ்சுக் கப்பல்கள் அக்டோபர் 13, 14 தேதிகளில் அடித்த புயலில் சின்னாபின்னமாயின. செரியபாணிக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. பருவநிலை காரணமாகச் சேவையைச் சில நாளிலேயே நிறுத்திவைத்தார்கள், அவ்வளவுதான். மறுபடி தொடங்கியது 2024 ஆகஸ்ட் 16-இல், சிவகங்கை என்ற வேறொரு கப்பலோடு. இந்தத் தடவை ஆடி முடிகிற நேரம் பார்த்து விட்டார்கள்.